எம்.ஏ. எகனாமிக்ஸ் போறதுக்கு முன்னாடி லாஜிக் தனியா படிக்கணுமா?

தம்பி, நீங்க கேட்டது மேலோட்டமா பாத்தா "லாஜிக் படிக்க எந்த புக்கு வாங்கணும்"ங்கிற மாதிரி இருக்கு, ஆனா முழுசா படிச்சா அது இல்ல. திருத்துறைப்பூண்டி பக்கம் ஊரு, பி.ஏ. எகனாமிக்ஸ் ரெண்டாம் வருஷம், தமிழ் மீடியம், ப்ளஸ் டூல காமர்ஸ் கூட கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்ததால பத்தாவதோட கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டாச்சு. இப்ப எம்.ஏ. போகணும்னு ஆசை வந்திருக்கு, ஒரு சீனியர் "செட் தியரி, ப்ரூஃப், லாஜிக் எல்லாம் தெரியாம போனா முதல் செமஸ்டர்லயே கிழிஞ்சிடும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். நீங்க உண்மையில கேக்குறது "இது எனக்கு வருமா, வரணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது"ன்னு தான். அதுக்கே பதில் சொல்றேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடணும், இல்லன்னா என் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம்னு உங்களுக்குத் தெரியாது. கும்பகோணம் பக்கத்துல ஒரு காலேஜ்ல இருபத்திமூணு வருஷம் எகனாமிக்ஸ் எடுத்தேன், இப்ப சாயங்காலம் வீட்டுத் திண்ணைல நாலஞ்சு பசங்களுக்கு சொல்லிக்குடுக்குறேன், கூட ரெண்டு ஏக்கர் நெல்லு. கணக்குல டிகிரி கிடையாது. ரியல் அனாலிசிஸ்னு ஒண்ணை (கால்குலஸை படிப்படியா நிரூபிச்சுப் படிக்கிற கணக்கு) நாப்பது வயசுக்கு மேல தான் நானா உக்காந்து படிச்சேன், அதுலயும் பாதி தான் ஒட்டுச்சு. அதனால பி.ஏ.லேருந்து எம்.ஏ. முதல் வருஷம் வரைக்கும் நான் சொல்றத தைரியமா எடுத்துக்கலாம். அதுக்கு மேல, கோடெல் தேற்றம் அது இதுன்னு கேட்டா நான் ஆளு இல்ல.

நான் எம்.ஏ. சேந்தப்ப நடந்த ஒரு கூத்தைச் சொல்றேன். போர்டுல சார் "இஃப்"னு எழுதறப்ப சில எடத்துல எஃப் எழுத்தை ரெண்டு தடவை போடுவார். பாவம் வயசானவர், கை நடுங்குதுன்னு நெனச்சுக்கிட்டு என் நோட்ல எல்லா எடத்துலயும் ஒத்தை எஃப்பா திருத்தி எழுதிக்கிட்டே வந்தேன். ஒரு செமஸ்டர் முழுக்க! அது "இஃப் அண்ட் ஒன்லி இஃப்"ங்கிறதோட சுருக்கம், அதாவது "இது இருந்தா அது"ங்கிற அம்பு ரெண்டு பக்கமும் போகும்னு அர்த்தம். பரீட்சைல ஒரு தேற்றத்துக்கு ஒரு பக்கம் மட்டும் நிரூபிச்சு வச்சுட்டு பாதி மார்க் வாங்குனப்ப தான் தெரிஞ்சுது. எனக்கு அப்ப கால்குலஸ் ஓரளவு வந்துது. வராதது ஒரு வாக்கியத்தை அது சொல்ற அளவுக்கு மட்டும் படிக்கிறது. இத்தனை வருஷத்துல நான் பாத்த பசங்கள்ல முக்காவாசிப் பேரு சறுக்குறதும் இதே எடத்துல தான்.

இதை நம்ம ஊரு விஷயத்துலயே பாத்துடலாம். கொள்முதல் நிலையத்துல "ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா நெல்லை எடுக்க மாட்டாங்க"ன்னு ஒரு விதி இருக்கு. மழை ஜாஸ்தியான வருஷம் தளர்வு குடுப்பாங்க, அதை இப்ப விட்டுடுங்க. இதைக் கேட்டுட்டு ஒருத்தர் "என் நெல்லு 16 தான், அப்ப எடுத்துடுவாங்க"ன்னு சொன்னா என்ன சொல்வீங்க? சிரிப்பீங்க. சாக்கு இல்லன்னு சொல்லலாம், லாரி வரல, மூட்டை அடுக்க எடம் இல்லன்னு சொல்லலாம், கருக்காய் ஜாஸ்தின்னும் சொல்லலாம். விதி அதைப் பத்தி வாயே திறக்கல. "எடுக்கல, அப்ப ஈரம் ஜாஸ்தியா இருந்திருக்கும்"னு சொன்னாலும் அதே தப்பு தான், இந்த ரெண்டும் ஒரே தப்போட ரெண்டு முகம். ஆனா "எடுத்துட்டாங்க, அப்ப ஈரம் 17க்கு மேல இல்ல"ன்னா அது சரி, விதி உண்மைன்னா இதுவும் உண்மை, தனியா நிரூபிக்கவே வேணாம். இந்தக் கடைசி வடிவத்துக்கு கான்ட்ராபாசிட்டிவ்னு பேரு, எகனாமிக்ஸ்ல நிறைய ப்ரூஃப் இந்த வழியா தான் போகும். களத்துமேட்டுல மூட்டையோட நாலு நாள் காத்திருக்கிற எந்த விவசாயிக்கும் இந்த வித்தியாசம் தெரியும், யாரும் சொல்லிக்குடுக்க வேணாம். அதே ஆளோட புள்ளை வகுப்புக்கு வந்து புக்குல இதே அமைப்புல ஒரு வாக்கியத்தைப் பாத்தா தலைகீழா புடிச்சுக்குது, ஏன்னா அங்க சாக்கும் லாரியும் கண்ணுக்குத் தெரியறதில்ல.

தமிழ்ல நமக்கு ஒரு வசதி இருக்கு, "தான்"ங்கிற சொல்லு. "மேட்டூர் திறந்தா குறுவை போடுவோம்"ங்கிறதும் "மேட்டூர் திறந்தா தான் குறுவை போடுவோம்"ங்கிறதும் ஒண்ணு இல்ல. முதலாவதுல திறக்கிறது போதுமான நிபந்தனை, திறந்துட்டா போதும், நாத்து விட்டாச்சு. ரெண்டாவதுல திறக்கிறது தேவையான நிபந்தனை, திறக்கலன்னா கிடையாது, ஆனா திறந்ததால மட்டும் போட்டே ஆகணும்னு இல்ல, விதைநெல்லு கெடைக்கலாம் கெடைக்காமலும் போகலாம். அம்பு அப்படியே திரும்பிடுச்சு பாருங்க. இங்கிலீஷ்ல இதை "இஃப்", "ஒன்லி இஃப்"னு சொல்லி பசங்க மண்டை காயுது, நம்ம பசங்களுக்கு "இஃப்னா 'திறந்தா'ல வர்ற ஆ, ஒன்லி இஃப்னா 'திறந்தா தான்'ல வர்ற தான்"னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல புடிச்சுக்குவாங்க. அதோட இன்னொண்ணு, ரெண்டாவது வாக்கியம் நம்ம டெல்டாவுல பல ஊர்ல பொய்யே. ஜூன் 12க்கு திறக்காத வருஷம் பல இருக்கு, அப்பவும் பம்புசெட்டு வச்சிருக்கவங்க குறுவை போட்டுடறாங்க. அப்படி ஒரே ஒரு ஆளைக் காட்டினா போதும், "தான்" போட்ட வாக்கியம் உடைஞ்சுது. அதுக்குப் பேரு எதிர்க்காட்டு. நூறு உதாரணம் சேந்து ஒரு தேற்றத்தை நிலைநாட்டாது, ஒரே ஒரு எதிர்க்காட்டு அதைச் சாய்ச்சுடும்.

இப்ப உங்க பாடத்துக்கு வாங்க. "லாபம் உச்சமா இருந்தா எம்.ஆர். ஈக்வல் டு எம்.சி."ன்னு படிச்சிருப்பீங்க (எம்.ஆர்.னா இறுதிநிலை வருவாய், இன்னொரு யூனிட் வித்தா கூடுற வரவு; எம்.சி.ன்னா இறுதிநிலைச் செலவு, அதுக்குக் கூடுற செலவு), பரீட்சைல எழுதுறப்ப "எம்.ஆர். ஈக்வல் டு எம்.சி.ன்னா லாபம் உச்சம்"னு எழுதிட்டு வந்துடுவீங்க, எல்லாரும் செய்யறது தான். எம்.சி. வளைகோடு எம்.ஆர். கோட்டை மேலேருந்து கீழ வெட்டுற எடத்துலயும் ரெண்டும் சமம் தானே, அங்க லாபம் குறைஞ்சபட்சம். அதனால தான் புக்குல "கீழேருந்து வெட்டணும்"னு ரெண்டாவது நிபந்தனை ஒண்ணு ஒட்டியிருக்கும், மனப்பாடம் பண்ணின பசங்க அது ஏன்னு கேக்கவே மாட்டாங்க. அதுவும் பத்தாது, விலை சராசரி மாறும் செலவுக்கும் (உற்பத்தியோட கூடிக் குறையற செலவு, ஒரு யூனிட்டுக்கு) கீழ போயிட்டா உற்பத்தியையே நிறுத்துறது தான் மேல். ஆக ஒரு சின்ன பாடத்துக்குள்ள தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை, விதிவிலக்கு மூணும் ஒளிஞ்சிருக்கு. லாஜிக் எங்கயோ வெளில இல்ல தம்பி, உங்க மைக்ரோ எகனாமிக்ஸ் நோட்டுக்குள்ளயே இருக்கு.

அடுத்தது எல்லாம், சில, இல்லை. இதுல தமிழ் நம்மளை கொஞ்சம் ஏமாத்தும், ஜாக்கிரதை. "எல்லாரும் வரல"ன்னா ஒருத்தரும் வரலையா, சிலர் மட்டும் வரலையா? பேச்சுல ரெண்டுக்கும் சொல்றோம், குரலை வச்சு புரிஞ்சுக்குறோம். கணக்குல அந்த சலுகை கிடையாது. "எல்லா விவசாயிக்கும் லாபம்"ங்கிறதோட மறுப்பு "ஒருத்தருக்கும் லாபம் இல்ல" கிடையாது, "லாபம் இல்லாத விவசாயி ஒருத்தராவது இருக்கார்", அவ்வளவு தான். இதை விட மோசமானது "எல்லா", "ஒரு" ரெண்டும் வர்ற வரிசை. "எல்லா வயலுக்கும் ஒரு வாய்க்கா இருக்கு"ன்னா ஒவ்வொரு வயலுக்கும் ஏதோ ஒரு வாய்க்காவா, இல்ல ஒரே வாய்க்கா எல்லா வயலுக்கும் பாயுதா? முதலாவது சாதாரணம். ரெண்டாவது உண்மைன்னா கடைமடைக்காரன் எப்பவும் காஞ்சு போன வாய்க்காலப் பாத்துக்கிட்டு நிக்கணும்.

இது சும்மா வார்த்தை விளையாட்டு இல்ல. மத்த விலையெல்லாம் அப்படியே இருக்குன்னு வச்சுக்கிட்டா, ஒவ்வொரு பொருளுக்கும் டிமாண்டும் சப்ளையும் சரியாப் போற ஒரு விலை இருக்கும், இது நீங்க பி.ஏ.ல வரையற கத்தரிக்கோல் படம். எல்லா பொருளுக்கும் ஒரே நேரத்துல சரியாப் போற ஒரே விலைப்பட்டியல் இருக்கா? இது முற்றிலும் வேற கேள்வி, ஏன்னா அரிசி விலையை மாத்தினா உளுந்து டிமாண்ட் நகரும், உளுந்தை சரிபண்ணினா அரிசி மறுபடி நகரும். வால்ராஸ்ங்கிற பொருளாதார அறிஞர் 1874ல சமன்பாடு எத்தனை, கண்டுபிடிக்க வேண்டிய விலை எத்தனைன்னு எண்ணி ரெண்டும் சமம்னு காட்டினார், ஆனா எண்ணிக்கை சமமா இருக்கிறதால மட்டும் விடை இருக்கணும்னு இல்ல. அதை ஒழுங்கா நிறுவ பின்னாடி வந்த பொருளாதார அறிஞர்கள் ஆரோவும் டெப்ரூவும் 1954ல நிலைப்புள்ளித் தேற்றம்ங்கிற கனமான கணக்கைக் கொண்டுவர வேண்டியிருந்தது. வாய்க்கா வாக்கியத்துல உள்ள ரெண்டு அர்த்தத்துக்கு நடுவுல இருக்கிற தூரம் எண்பது வருஷம். அந்த நிரூபணம் உங்களுக்கு இப்ப வேணாம், கேள்வி என்னன்னு புரிஞ்சா போதும்.

ஒரு ப்ரூஃபை முழுசா செஞ்சு காட்டிடறேன், அப்ப தான் பயம் போகும். நுகர்வோர் பாடத்துல, அ, ஆ, இ மூணும் பொருள்னு வச்சுக்கிட்டா, "அ குறைஞ்சது ஆ அளவுக்காவது பிடிக்கும்"னு ஒரு உறவு வரும். அதுக்கு ஒரு எடுகோள் (நிரூபிக்காம ஒத்துக்கிற விஷயம்): அ குறைஞ்சது ஆ அளவுக்கு, ஆ குறைஞ்சது இ அளவுக்குன்னா, அ குறைஞ்சது இ அளவுக்கு. கடப்பு உறவுன்னு ஸ்கூல் புக்குல இருக்கும். "அ-வை ஆ-வை விட கண்டிப்பா பிடிக்கும்"னா என்ன அர்த்தம்? அ குறைஞ்சது ஆ அளவுக்கு பிடிக்கும், ஆனா ஆ குறைஞ்சது அ அளவுக்குப் பிடிக்கும்ங்கிறது பொய். இப்ப ஒருத்தருக்கு அரிசில பொன்னியை ஐ.ஆர்.20ஐ விட கண்டிப்பா பிடிக்கும், ஐ.ஆர்.20ஐ குண்டரிசியை விட கண்டிப்பா பிடிக்கும். அப்ப பொன்னியை குண்டரிசியை விட கண்டிப்பா பிடிக்கணும், இதை நிரூபிக்கணும். "அது தான் தெரியுதே சார்"னு எல்லாரும் சொல்வாங்க, இருங்க. பொன்னி குறைஞ்சது குண்டு அளவுக்குப் பிடிக்கும்ங்கிறது எடுகோள்லேருந்து நேரா வந்துடும், பாதி வேலை முடிஞ்சுது. மீதி பாதிக்கு, "குண்டும் குறைஞ்சது பொன்னி அளவுக்குப் பிடிக்கும்"னு சும்மா வச்சுப் பாப்போம். ஐ.ஆர்.20 குறைஞ்சது குண்டு அளவுக்கு, குண்டு குறைஞ்சது பொன்னி அளவுக்கு, அப்ப அதே எடுகோள் படி ஐ.ஆர்.20 குறைஞ்சது பொன்னி அளவுக்கு. ஆனா பொன்னியை ஐ.ஆர்.20ஐ விட கண்டிப்பா பிடிக்கும்னு சொன்னப்பவே இது பொய்னு ஒத்துக்கிட்டோமே. முட்டிக்கிச்சு. சும்மா வச்சுப் பாத்தது தப்பு, முடிஞ்சுது. ஆறு வரி, ஒரு எண்ணு கூட கிடையாது. எம்.ஏ. மைக்ரோ முதல் வாரத்துல ஹோம்வொர்க்கா குடுக்குறது இந்த ரகம் தான். இதை நோட்டை மூடிட்டு திரும்ப எழுத முடிஞ்சா உங்களுக்கு வரும்.

ஆனா அந்த எடுகோள் உண்மையான்னு லாஜிக் சொல்லாது, இதையும் சேத்தே புரிஞ்சுக்கணும். கும்பகோணம் டிகிரி காபியையே எடுத்துக்குங்க. சக்கரை போடாத டம்ளர், ஒரே ஒரு சக்கரை மணி போட்ட டம்ளர், ரெண்டு மணி போட்டது, இப்படியே வரிசையா ஆயிரக்கணக்குல வைங்க. பக்கத்துப் பக்கத்து டம்ளர்ல எவனாலயும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, ரெண்டும் ஒண்ணும்பான். ஆனா முதல் டம்ளரும் கடைசி டம்ளரும் ஒண்ணா? மூஞ்சி சுளிச்சுடுவான். கடப்பு உறவு அங்க காலியாயிடுது. டங்கன் லூஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 1956லயே இந்த சக்கரைக் காபி உதாரணத்தை வச்சு தான் கேட்டார், காபி டிகிரி காபியான்னு மட்டும் தெரியல. வாதம் சரியா இருக்கிறது ஒண்ணு, ஆரம்பிச்ச எடம் உண்மையா இருக்கிறது வேற ஒண்ணு. இந்தப் பிரிவு நமக்குப் புதுசும் இல்ல, மணிமேகலைல தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதைல "இந்த மலைல நெருப்பு இருக்கு, புகை இருக்கிறதால, அடுக்களை மாதிரி"ன்னு பக்கம் (சொல்ல வர்றது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்)னு பிரிச்சு வச்சு, எது எப்ப பிசகும்னு பக்கம் பக்கமா அடுக்கியிருக்கும். புகை இருந்தா நெருப்பு, சரி. நெருப்பு இருந்தா புகையா? கொல்லன் பட்டறைல பழுக்கக் காய்ச்சின இரும்பைப் பாருங்க. பூம்புகார்ல ஆரம்பிக்கிற கதை, நம்ம பசங்க அதை மனப்பாடச் செய்யுளோட நிறுத்திடறாங்க.

சரி, புக்கு. முதல்ல காசு செலவு பண்ணாதீங்க. பாடநூல் கழகத்தோட பதினொண்ணாவது கணக்குப் புக்குல முதல் பாடம் கணங்கள் (செட் தியரி தான்), தொடர்புகள், சார்புகள். பன்னெண்டாவது கணக்குல கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதம், அதுல மெய்ப்பட்டியல் (ட்ரூத் டேபிள், ஒரு வாக்கியம் எப்ப மெய் எப்ப பொய்னு காட்டுற அட்டவணை) எல்லாம் இருக்கு. ரெண்டும் தமிழ்லயே, ஃப்ரீயா பி.டி.எஃப். கெடைக்குது. மெய்ப்பட்டியல்ல "இது இருந்தா அது" வாக்கியத்துக்கான ஒரு வரி உங்களை உறுத்தும், "முன்பகுதி பொய்யா இருந்தா மொத்த வாக்கியமும் மெய்"ங்கிறது. "கடை திறந்திருந்தா பால் வாங்கிட்டு வரேன்"னு சொல்லிட்டுப் போறீங்க, கடை மூடியிருக்கு, வெறுங்கையோட வர்றீங்க, பொய் சொன்னீங்களா? இல்லல்ல. அவ்வளவு தான் அது. அதுக்கப்புறம் நீங்க தவற விட்ட வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல், ரெண்டு வருஷப் புக்கும். இதை அலட்சியம் பண்ணாதீங்க, அணிகள் பாடத்துலயே லியான்டிஃப்ங்கிற பொருளாதார அறிஞரோட உள்ளீடு வெளியீடு பகுப்பாய்வு இருக்கு, வகையீட்டுப் பயன்பாட்டுல நெகிழ்ச்சி, இறுதிநிலைச் செலவு, தொகையீட்டுல நுகர்வோர் உபரி, எல்லாம் நம்ம சப்ஜெக்டே. இதை முடிச்சதும் ஆல்ஃபா சியாங்கோட மேதமெடிகல் எகனாமிக்ஸ் புக்கு, காலேஜ் லைப்ரரில பழைய எடிஷன் தூசி தட்டினா கெடைக்கும், பழசே போதும். ப்ரூஃப் மட்டும் தனியா பழக ரிச்சர்ட் ஹேமக்கோட புக் ஆஃப் ப்ரூஃப், அவரே இலவசமா நெட்ல போட்டிருக்கார், இங்கிலீஷ் லேசா இருக்கும், முதல் பாதி போதும். அப்படியே திருவாரூர்ல மத்தியப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கூப்பிடு தூரம் தானே, சென்னையோ டெல்லியோ எங்க போறதா இருந்தாலும் திருவாரூர்ல உள்ள எகனாமிக்ஸ் டிபார்ட்மென்ட் சிலபஸை எடுத்து ஒரு தடவை பாருங்க, முதல் செமஸ்டர்ல என்ன கேப்பாங்கன்னு கற்பனைல பயந்துக்கிட்டு இருக்க வேணாம்.

இதுவரைக்கும் சொன்னதுல எனக்கு சந்தேகம் கிடையாது. இனிமே சொல்றது என் அபிப்பிராயம், தப்பா இருக்கலாம். லாஜிக்கை தனிப் பாடமா, குறியீடு எல்லாம் போட்டு, முதல்ல முடிச்சுட்டு அப்புறம் கணக்குக்கு வரணும்னு சிலர் சொல்வாங்க. என்கிட்ட அப்படி வந்த ரெண்டு பசங்க மெய்ப்பட்டியல் பிரமாதமா போடுவாங்க, ஆனா எம்.ஆர். எம்.சி. வாக்கியத்தைத் திருப்பி தான் எழுதுவாங்க. அதே சமயம் ஒரு பொண்ணு அந்த வழியா தான் வந்துது, இப்ப பிஎச்.டி. பண்ணுது. ரெண்டு மூணு பேரை வச்சு நான் முடிவு சொன்னா மேல எழுதினதெல்லாம் வீண். என் சாய்வு, ரெண்டு வாரம் லாஜிக், அப்புறம் கணங்களோடயும் மைக்ரோவோடயும் கலந்தே படிக்கிறது. எவ்வளவு நாளாகும்னு கேட்டீங்கன்னா தினம் ஒண்ணரை மணி நேரம், விடாம, எட்டு மாசம்னு சொல்வேன். கால்குலஸ் எனக்கு அதை விட ஜாஸ்தி ஆச்சு, உங்களுக்குக் கம்மியா ஆகலாம். தமிழ்ல படிச்சுட்டு அங்க போய் இங்கிலீஷ்ல தடுமாறுவோமான்னு ஒரு பயம் உங்க கேள்விக்குள்ளயே இருந்துது. புரிஞ்சுக்கிறது தமிழ்ல நடக்கட்டும், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்துல இங்கிலீஷ் சொல்லை எழுதிட்டு வாங்க, ஆறாவது மாசத்துலேருந்து விடையை இங்கிலீஷ்ல எழுதுங்க. இது எல்லாருக்கும் ஒத்து வந்ததுன்னு சொல்ல மாட்டேன், நான் பாத்ததுல பாதிக்கு மேல வந்துது.

ராமானுஜன் ஊர்ப்பக்கத்து ஆளு நீங்கன்னு யாராவது உசுப்பேத்துவாங்க, கண்டுக்காதீங்க. அவர் 1903ல கையில எடுத்த புக்குல ஆயிரக்கணக்குல முடிவு தான் இருந்துது, நிரூபணம் பேருக்குத் தான். அது அவருக்குப் போதுமா இருந்துது. நமக்கெல்லாம் ஒவ்வொரு படியும் எழுதினா தான் ஓடும்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை குடுக்குறேன். உங்க மைக்ரோ புக்குல "இருந்தால்", "எனில்", "மட்டுமே" வர்ற பத்து வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் திருப்பிப் போட்ட வடிவம், மறுத்துத் திருப்பின வடிவம் (அந்த கான்ட்ராபாசிட்டிவ்) ரெண்டையும் எழுதி, எது நிக்குது எது விழுதுன்னு பக்கத்துல குறிச்சு, விழறதுக்கு ஒரு எதிர்க்காட்டோட இங்கயே பதில்ல போடுங்க, பாத்துச் சொல்றேன். எங்க பக்கம் தாளடி அறுப்பு ஆரம்பிச்சாச்சு, மிஷின் எப்ப வருதோ தெரியாது, அதனால ரெண்டு நாள் முன்ன பின்ன ஆகும்.